உரத்த கிடாரே உயர்ந்த கிடாரா?

கிடார் வாங்கப் புறப்படுவோருக்கு ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: "டிரெட்நாட் வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் ஏற்றது." விரல்களால் மீட்ட விரும்புவோருக்கு இது தவறான வழிகாட்டல் என்பதே எங்கள் கருத்து.

1916-இல் மார்ட்டின் நிறுவனம் உருவாக்கிய அவ்வடிவம் போர்க்கப்பலொன்றின் பெயரைத் தாங்கியது; முழக்கமே அதன் பலம். பிக் கொண்டு ஓங்கி அடித்துப் பாட்டுக்குத் துணைசெய்ய அது சிறந்தது, மறுக்கவில்லை. விரல் வாசிப்பிலோ, கட்டைவிரல் எழுப்பும் மந்தர ஒலி மேல்தந்திகளின் மெட்டை மூடிவிடுகிறது. இடை ஒடுங்கிய சிறிய உடலில் சுரங்கள் தனித்தனியே துலங்கும். மெல்லிய தொடுகைக்கும் மேற்பலகை அதிரும்.

தந்திகள் தொடங்கும் நட் 43 மி.மீ.க்குப் பதில் 44.5 மி.மீ. இருக்கட்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அற்பமன்று. இடக்கை விரல் பக்கத்துத் தந்தியை உரசி அடக்காமலிருக்க அந்த இடைவெளி உதவும்.

ரெவரெண்ட் கேரி டேவிஸ் பெரிய கிப்சன் ஜே-200-இல் வாசிக்கவில்லையா என்பீர்கள். வாசித்தார், ஆனால் அவர் விரல்களில் பிக் மாட்டியவர், ஹார்லெம் வீதிகளின் இரைச்சலுக்கு நடுவே பாடியவர். நம் அறைக்குள் அத்தகைய இரைச்சல் ஏது?

கடைக்காரர் அடித்துக்காட்டும் முழக்கத்தில் மயங்காதீர்கள். கையில் வாங்கி, வெறும் விரல்நுனியால் மெதுவாக மீட்டிப் பாருங்கள். தாழ்ந்த குரலில் பேசத் தெரியாத கிடாரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.