குப்பையும் ஒத்தாசையும்

என் அண்ணனிடம் தபால்தலை ஆல்பம் இருந்தது. அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதை எடுத்துக் காட்டுவார். என்னிடம் தீப்பெட்டிப் படங்கள் இருந்தன. அதற்குப் பெயர் குப்பை.

தெருவில் சுற்றிப் பொறுக்கும் உரிமை பையன்களுக்குத்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் அடுப்படியிலிருந்து. அம்மா கடைசிக் குச்சியைக் கிழித்ததும் பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போடுவேன். மெல்லிய மரத்தகட்டிலிருந்து படம் கழன்று வரும். வெயிலில் உலர்த்தி, பழைய கணக்கு நோட்டில் ஒட்டுவேன். புலி, கப்பல், சாவி, தாமரை என்று 211 படங்கள். அந்த வீட்டில் என்னுடையது என்று எண்ணிச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

1986இல், 12 வயதில், பெரியவளானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று வெந்நீர் அடுப்புக்குள் அந்த நோட்டும் போனது. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு இன்னும் என்ன குப்பை பொறுக்குற புத்தி?" என்றார் அத்தை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனின் ஆல்பம் இன்றும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் இது என் சொந்த வருத்தம் மட்டும்தான். மதுரையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி சாத்தூர்ப் பக்கம். நோட்டின் கதையைச் சொன்னபோது சிரித்தாள். "நீ பிச்சு எடுத்ததை எல்லாம் ஒட்டினது நாங்கதான்டி." பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடும் அக்காவோடும் திண்ணையில் பசைச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவாளாம். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. "என்ன படம்னு பார்த்ததே இல்ல. பார்த்தா கை நின்னுரும்."

அதே 1986இல்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. கூடவே, குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு இந்தத் தடை இல்லை என்றும் சொன்னது. ஆக, தோழியின் திண்ணை வேலையிடம் ஆகவில்லை, வீடாகவே இருந்தது. வீட்டில் பெண்பிள்ளை செய்வதை வேலை என்று யார் சொன்னார்கள்? அது 'ஒத்தாசை'.

நான் இழந்தது ஒரு நோட்டு. அவள் இழந்தது விளையாடும் வயது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் என் ஆசையைக் குப்பை என்றும் அவள் உழைப்பை ஒத்தாசை என்றும் பெயர் வைத்தது ஒரே அதிகாரம். வீட்டுக்குள் பெண்பிள்ளையிடம் இருப்பது எதுவும் கணக்கில் வராது என்பதுதான் அதன் சட்டம்.

இப்போது தீப்பெட்டிப் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். 'அந்தக் காலத்துக் கலை' என்று உருகுகிறார்கள். ஓவியரைப் பேசுகிறார்கள், அச்சகத்தைப் பேசுகிறார்கள், முதலாளியின் சாமர்த்தியத்தைப் பேசுகிறார்கள். ஒட்டிய விரல்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. தாராளமாக மாட்டுங்கள். படத்தின் கீழே இதையும் எழுதுங்கள்: 'ஒட்டியவர்கள் சிறுமிகள். குரோஸ் கணக்கில் கூலி. படத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.'

உங்கள் வீட்டுச் சிறுமியும் பாட்டில் மூடியோ பஸ் டிக்கெட்டோ சேர்த்துக்கொண்டிருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் அவளைக் கேளுங்கள். அது அவளுடையது.