அசெக்ரெமுக்கு யார் யார்?



2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் நம் பங்கு ஆலய முற்றத்தில் வெண்திரை கட்டி, உரோமை நகரில் நடைபெற்ற புனிதர் பட்டமளிப்பு விழாவைப் பங்குமக்கள் திரளாகக் கூடியிருந்து கண்டோம். நம் மண்ணின் மைந்தர் தேவசகாயத்தின் பெயர் ஒலித்தபோது எழுந்த கரவொலியில், அவரோடு அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற மற்ற ஒன்பதின்மரின் பெயர்கள் நம் செவியில் ஏறவேயில்லை. கூட்டம் கலைந்த பின்னர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, நம்மவரோடு ஒரே நாளில் பட்டம் பெற்ற அந்தத் தாடிக்காரர் யார்?" என்று வினவினார். அந்தத் தாடிக்காரரே அல்ஜீரியப் பாலைவனத்தில் வாழ்ந்து மறைந்த சார்லஸ் தெ ஃபூக்கோ. அன்று எழுந்த அக்கேள்விதான் இன்று பங்குமனை மேசைமீது விரிந்து கிடக்கும் ஆப்பிரிக்க வரைபடத்துக்குக் காரணம். 2027-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பதினொருவர் அல்ஜீரியா செல்வதென முடிவாகியிருக்கிறது. (செலவு அவரவர் சேமிப்பிலிருந்து, பங்கு நிதியிலிருந்து ஒரு காசும் இல்லை. கையொப்பமிடாமல் கடிதம் எழுதிய அன்பர் இதனைக் கவனிப்பாராக.)

அல்ஜீரியா சிறிய நாடன்று. 23,81,741 சதுர கி.மீ. பரப்புடையது; இந்தியாவின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஆப்பிரிக்காவிலேயே பெரிய நாடு அதுதான். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சகாராப் பாலைவனம். பாலைவனம் என்றால் மணல் என்றே நாம் எண்ணியிருந்தோம். மணல்மேடுகள் சகாராவின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே; எஞ்சியவை கல்பாவிய சமவெளிகளும், பாறை மேட்டுநிலங்களும், மலைகளுமாம். நாம் செல்லவிருக்கும் ஹோகர் பகுதி எரிமலைகளால் உருவான மலைநாடு.

எப்போது செல்வது என்பதே முதற்சிக்கல். நாம் முதலில் அணுகிய பயண நிறுவனம் ஒன்று, வண்ணத்தாளில் அழகாக அச்சிட்ட திட்டமொன்றை அனுப்பிவைத்தது. அதில் பயண மாதம் ஆகஸ்டு! அம்மாதத்தில் சகாராவுக்குள் வாழும் மக்களே பகற்பொழுதில் வெளியே தலைகாட்டார். குளிர்காலம் செல்லலாமெனின், நமக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவும் பங்குத் திருவிழாவும் குறுக்கிடுகின்றன. எனவே வசந்தம். அதிலும் இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இசுலாமியரின் ரமலான் நோன்பு 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரத்தில் முடிகிறது. அந்நாள்களில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். வழிகாட்டியும் ஓட்டுநரும் நோன்பிருக்க, நாம் அவர்கள் கண்முன் உண்பதும் முறையன்று. நம் தவக்காலமும் அந்நாள்களிலேயே வருகிறது. உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. அதன் எட்டாம் நாளும் கழிந்து, ஏப்ரல் 5 திங்களன்று புறப்படுவதாக நாள் குறித்துள்ளோம். இதனால் ஆண்டுத் தேர்வுப் பணியிலுள்ள ஆசிரியர் இருவர் வர இயலாமற்போனது நமக்கு வருத்தமே. ஏப்ரலைத் தாண்டினாலோ வெப்பம் ஏறிவிடும். வசந்தத்திலும் மணற்காற்று எழுவதுண்டு. விமானம் ஒருநாள் தாமதித்தால் முணுமுணுப்பதில்லை என்று எல்லாரும் இப்போதே வாக்களித்திருக்கின்றனர். பார்ப்போம்.

பணம், மொழி, ஆடை ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். அங்கே தினார், வெளிநாட்டு வங்கி அட்டைகளை நம்பிச் செல்லலாகாது, யூரோத் தாள்களாகக் கொண்டுபோக வேண்டும். அரபும் தமாசிக்தும் ஆட்சிமொழிகள். பிரெஞ்சு பரவலாக வழங்குகிறது. குருமடத்தில் நாம் அரைகுறையாகக் கற்ற பிரெஞ்சைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறோம். ஆடையில் கம்பளிச் சட்டை கட்டாயம். பாலைவனத்துக்குக் கம்பளியா எனச் சிரித்தவர்கள், அசெக்ரெம் நம் தொட்டபெட்டாவினும் சற்றே உயரமானது என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டனர்.

ஒரு செய்தியை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். குழுவிலுள்ள இளைஞர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், அரபு மொழியில் அச்சிட்ட நற்செய்திச் சிற்றேடுகள் ஐம்பது வரவழைத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றோம். அந்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இசுலாமியரை மதம் மாற்ற முயல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கூட்டு வழிபாடும் அனுமதி பெற்ற கட்டடங்களில்தான் நடைபெறலாம். மாட்டிக்கொண்டால் நாம் ஊர் திரும்பிவிடுவோம். அங்கேயே வாழும் சின்னஞ்சிறு கத்தோலிக்கத் திருச்சபைக்கன்றோ கெட்ட பெயர்? இளைஞருக்கு மனம் ஆறவில்லை. நாம் காணச்செல்லும் புனிதரின் கதையை அவருக்குச் சொன்னோம்.

ஃபூக்கோ 1858-இல் பிறந்தவர்; படை அதிகாரி; இளமையில் விசுவாசத்தை இழந்து 1886-இல் மீண்டும் கண்டடைந்தவர். 1901-இல் குருவாகி, 1905-இல் தமன்ராசெட் வந்து சேர்ந்து, துவாரெக் மக்களிடையே தனியாகக் குடியேறினார். மேடையேறிப் போதிக்கவில்லை. அவர்களுடைய மொழியைக் கற்று, அதற்கு அகராதி தொகுத்தார். அவர்தம் பாடல்களை ஏட்டில் எழுதிவைத்தார். உடன் ஒரு கிறிஸ்தவர் இல்லாமல் திருப்பலி நிறைவேற்ற அக்கால ஒழுங்கு இடந்தராததால், 1907-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவைத் திருப்பலியின்றியே கழித்தார். இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம். அடுத்த மாதமே கடும் நோயில் வீழ்ந்தார். வறட்சியால் ஆடுகளின் மடி வற்றியிருந்த அந்நாளில், துவாரெக் மக்கள் தொலைதூரம் அலைந்து சிறிது சிறிதாக ஆட்டுப்பால் திரட்டிவந்து அவரைப் பிழைக்க வைத்தனர். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொண்டு பிழைத்தார். இளைஞர் மேற்கொண்டு வாதாடவில்லை. சிற்றேடுகள் வரவழைக்கப்படவில்லை.

வழி இதுவே: வளைகுடாவில் விமானம் மாறி அல்ஜியர்ஸ், அங்கே 1872-இல் அர்ச்சிக்கப்பட்ட ஆப்பிரிக்க அன்னைப் பேராலயம். பீடத்தின் மேலே, எங்களுக்காகவும் இசுலாமியருக்காகவும் வேண்டிக்கொள்ளும் என அன்னையை நோக்கிய வாசகம் எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் கிழக்கே அன்னாபா. இதுவே பண்டைய இப்போ. புனித அகுஸ்தினார் ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆயராயிருந்து, வாண்டலர் முற்றுகையிட்டிருந்த வேளையில் 430 ஆகஸ்டு 28 அன்று உயிர்நீத்த நகர். அதன்பின் விமானத்தில் தெற்கே தமன்ராசெட். சாலைவழி சென்றால் தலைநகரிலிருந்து 1,900 கி.மீ.க்கு மேல். புனிதரின் கல்லறை இடைவழியில் எல் கோலெயாவில் இருக்கிறது. நாள்கள் போதாமையால் அதை விட்டுவிட்டோம். இது சரியா என்ற ஐயம் நமக்கு இன்னும் உண்டு.

தமன்ராசெட்டிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் அசெக்ரெம். கரடுமுரடான பாதை, ஜீப்பில் அரைநாள் ஆகும். 2,700 மீட்டர் உயரத்தில் 1911-இல் ஃபூக்கோ எழுப்பிய கற்குடிசை. அங்கே ஓரிரவு தங்கி, சுற்றிலும் நிற்கும் எரிமலைக் கொடுமுடிகள்மீது கதிரவன் எழுவதைக் காண வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆவல். ஒளிப்பானேன்? இப்பயணமே நமக்கு அந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான்.

சென்ற மாதம் மருத்துவர் ஒவ்வொருவரையும் சோதித்தார். தலைமையாசிரியை அம்மையாருக்கு வயது 71, இதயத்தில் குறை. தமன்ராசெட் வரை போகலாம், மலைக்குக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இச்செய்தியை எப்படிச் சொல்வது என்று நாம் இரண்டு நாள்கள் தயங்கினோம். பயணத்துக்கு வித்திட்டவரே அவரல்லவா? நாம் கலங்கியவாறே சொல்ல, அவர் தம் கைப்பையிலிருந்து குறிப்பேடு ஒன்றை எடுத்தார். "சாமி, அவர் அந்த மலைமேல் இருந்தது அஞ்சு மாசந்தான். கீழே தமன்ராசெட்டில் பதினொரு வருசம். நோயில் கிடந்தது கீழே. ஆட்டுப்பால் குடிச்சது கீழே. 1916 டிசம்பர் முதல் தேதி அவரைச் சுட்டுக் கொன்னதும் கீழே. நீங்கள் எல்லாம் மேலே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வாங்க. நான் அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன்" என்றார்.

அவர் சொன்ன கணக்கைச் சரிபார்த்தோம். பிழையில்லை. வகுப்பில் மாணவனாக நின்றதுபோல் இருந்தது.

எனவே, தமன்ராசெட்டில் ஒரு நாள் என்றிருந்ததை மூன்று நாள்களாக மாற்றினோம். ஃபூக்கோ வந்த புதிதில் கட்டிய ஒடுங்கிய மண்வீட்டையும், அவர் வீழ்ந்த சிறுகோட்டையையும் அவசரமின்றிக் காணலாம். ஆனால் வேற்றூரில் முதியவர் ஒருவரைத் தனியே விட்டுவிட்டு மலையேற முடியுமா? ஒருவர் உடன்தங்க வேண்டும். சென்ற ஞாயிறு மாலை கூடிய கூட்டத்தில் யார் தங்குவீர் என்று கேட்டோம். எல்லாரும் தரையைப் பார்த்தனர். கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. ஏனெனில் நாமும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விசாவுக்கான தாள்களை அனுப்ப வேண்டும். தெற்குப் பகுதிக்கு நம்மை அழைத்துச்செல்லும் அந்நாட்டு நிறுவனத்தார், மலையில் தங்குவோர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதியிருக்கின்றனர். மேலே செல்வோர் பட்டியலில் ஒன்பது பெயர்களை மையால் எழுதியாயிற்று. கீழே தங்குவோர் பட்டியலில் அம்மையாரின் பெயர் மையால் இருக்கிறது. நம் பெயரை மட்டும் இரண்டு பட்டியலிலும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். அழிப்பான் மேசைமீதுதான் கிடக்கிறது. மாத இறுதிக்குள் பதில் அனுப்பியாக வேண்டும்.