நாம் மூடிவைத்த மிஷின்

நம் வீடுகளில் தையல் மிஷின் இன்னும் இருக்கிறது. மரமூடியைப் போட்டு, மேலே ஒரு விரிப்பை விரித்து, இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி, மின்கட்டண அட்டை, பழைய நாளிதழ் என்று அடுக்கிவைத்திருக்கிறோம். பெல்ட் எப்போதோ அறுந்துவிட்டது. மாற்றவில்லை. அம்மாவோ அத்தையோ தைத்த மிஷின் என்பதால் விற்க மனம் வரவில்லை. அவர்கள் அதில் என்ன செய்தார்கள் என்று உட்கார்ந்து கேட்கவும் நமக்கு மனம் வரவில்லை. கேட்காமல் விட்டதில் எவ்வளவு போயிற்று என்பதை இப்போதாவது நாம் பேசியாக வேண்டும்.

அவர்கள் செய்தது வெறும் தையல் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கு முன்னால் ஒரு பெரிய கணக்கு இருந்தது. தைக்கத் தெரிந்த வீட்டில் உடுப்பு ஒவ்வொன்றாக வந்து சேரவில்லை. தீபாவளிக்கும் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் வீட்டில் உள்ள அத்தனை பேரின் உடம்பும் மனதில் ஓடும். யார் வளர்ந்திருக்கிறார்கள், யாருடைய சட்டை இன்னொரு வருடம் தாங்கும், பெரியவளுக்குச் சின்னதாகிப்போன பாவாடை சின்னவளுக்கு ஆகுமா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கடைக்குப் போவார்கள். ஒரே தானில் ஆறு மீட்டரோ எட்டு மீட்டரோ கிழித்து வாங்குவார்கள். பருத்தி என்றால் முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள், சுருங்குவது வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும் என்று. பிறகு கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போடுவார்கள்.

வெட்டுகிற வரிசையைப் பார்த்தாலே அந்த அறிவு தெரியும். பெரிய உருப்படிகள் முதலில்: முன்பக்கம், பின்பக்கம், பாவாடையின் அகலங்கள். கைகளை அவற்றுக்கு இடையே விழும் சந்துகளில் போடுவார்கள். கழுத்துக்கு வைக்கும் பட்டை மட்டும் மூலை வாட்டில் வரவேண்டும். நேர் இழையில் வெட்டினால் வளைவில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே மீதத்தில் ஒரு மூலையை மடித்து, சாய்வாகப் பட்டை பட்டையாக வெட்டி இணைப்பார்கள். அதற்கும் மிஞ்சியதில் சட்டைப்பை, அதற்கும் மிஞ்சியதில் தலையணை உறையின் ஓரம், கடைசியில் கரித்துணி. நீலத்தில் தங்கைக்குக் கவுன், அதே நீலத்தில் தம்பிக்குச் சட்டை, அக்காவின் வெள்ளை ரவிக்கைக் கழுத்தில் அதே நீலத்தின் பட்டை. மூவரும் சேர்ந்து நின்றால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் நாம்தான். பாண்டு வாத்தியக் குழு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தோம். அந்த ஒற்றுமைக்குள் எத்தனை யோசனை இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேயில்லை.

பெண்களின் உடுப்பிலும் இதே கணக்குத்தான். சேலைகள் பத்து இருந்தாலும் ரவிக்கைகள் ஐந்தாறு போதும் என்ற காலம் ஒன்று இருந்தது. கருப்பு, வெள்ளை, அரக்கு, சந்தனம், கரும்பச்சை. மேட்சிங் சென்டரில் டூ பை டூ ரூபியாத் துணி கூரைவரை வண்ண வாரியாக அடுக்கியிருக்கும். சேலை முந்தியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கரையோடு வைத்துப் பார்த்து, எந்த ஒரு நிறம் தன்னிடம் உள்ள மூன்று சேலைகளுக்காவது ஒத்துப்போகும் என்று தேர்வுசெய்து எண்பது சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ வெட்டி வாங்குவார்கள். இப்போது சேலையோடு ரவிக்கைத் துணியும் சேர்ந்தே வருகிறது. வசதிதான். ஆனால் அந்த ரவிக்கை அந்தச் சேலைக்கு மட்டும். பத்துச் சேலைக்குப் பத்து ரவிக்கை, பத்துக் கூலி, பத்து லைனிங். சேலை பீரோவில் மடிந்து கிடக்கும்போது ரவிக்கையும் கூடவே கிடக்கிறது. உடுத்த ஒன்றுமில்லை என்று நிறைந்த பீரோவின் முன்னால் நின்று நாம் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சுடிதார் ‘செட்’டும் அப்படியே. மேல்சட்டை, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. மேல்சட்டை வெளுத்தால் மற்ற இரண்டும் அநாதை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி நிறம் பார்த்துத் தைத்த 6 மேல்சட்டை, 3 கால்சட்டை, 2 துப்பட்டா இருந்தால் 36 விதமாக உடுத்தலாம். மொத்தம் 11 உருப்படிகள். கடையில் 6 செட் வாங்கினால் 18 உருப்படிகள், உடுத்துவது 6 விதம். இதை நம் வீட்டுப் பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்துகொண்டிருந்தார்கள். சின்னாளப்பட்டிச் சுங்குடியில் ஒரு துப்பட்டா, கோடு போட்ட கைத்தறியில் ஒரு மேல்சட்டை, சாதா வெள்ளையில் ஒரு கால்சட்டை என்று ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் உடுப்புகளை இன்றைக்கும் யாரும் தைத்துக்கொள்ளலாம். துணி கிடைக்கிறது. மிஷின் கிடக்கிறது. முன்கூட்டி யோசிக்கும் பழக்கத்தைத்தான் நாம் கைகழுவிவிட்டோம்.

அளவு விஷயத்தில் செய்த துரோகம் இன்னும் பெரிது. எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளுக்குள் நம் உடம்பை அடக்கப் பார்த்து, அடங்காதபோது உடம்பின் மீதே குறை சொல்லக் கற்றுக்கொண்டோம். இந்திய உடல்வாகுக்கென்று ஒரு பொதுவான அளவுப் பட்டியலே இல்லாததால்தான் ஒன்றிய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமும் ‘இந்தியாசைஸ்’ என்ற ஆய்வை எடுத்தன. 6 நகரங்களில் 25,000 பேரை அளப்பது திட்டம். தோள் ஒரு அளவு, இடுப்பு வேறொரு அளவு என்று இருப்பது இயல்பு என்பதை வீட்டில் இன்ச் டேப் பிடித்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். மகள் பூப்படைந்ததும், பிள்ளை பெற்ற உடம்பும், வயதான தோளின் சரிவும் அவர்களுடைய கோடுகளில் இடம்பெற்றன.

ஒரு பழைய ரவிக்கையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். பக்கவாட்டில் கால் அங்குல இடைவெளியில் இரண்டோ மூன்றோ வரி தையல் ஓடியிருக்கும். அதற்கு அப்பால் ஒரு அங்குலத் துணி மடிந்திருக்கும். உடம்பு கொஞ்சம் போட்டால் உள்வரியை இரண்டு பக்கமும் பிரித்துவிடுவார்கள். சுற்றளவு ஒரு அங்குலம் கூடிவிடும். சின்னப் பெண்களின் பாவாடையில் அடிப்பக்கம் இரண்டு டக்குப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஒன்றைப் பிரித்து இறக்குவார்கள். பிரித்த இடத்தில் வெளுக்காத நிறம் ஒரு கோடாகத் தெரியும், அதை மறைக்க ஒரு லேஸ். வரப்போகும் நாளை உடுப்புக்குள்ளேயே மடித்து வைத்துத் தைத்தார்கள். இன்று வாங்கும் ஆயத்த ஆடையில் ஓவர்லாக் போட்ட விளிம்பை ஒட்டியே தையல் போகிறது. பிரிக்க அங்கே ஒன்றுமில்லை. இறுகினால் தூக்கிப்போடு, அவ்வளவுதான். தூக்கிப்போடவும் நாம் தயங்கவில்லை.

தூக்கிப்போடும் துணியில் யாருடைய தண்ணீர் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் இருக்கும் நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத்தைப் பார்த்திருக்கிறோம், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதைப் பார்த்திருக்கிறோம், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைச் செய்தியில் படித்திருக்கிறோம். படித்துவிட்டு, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகையின் கீழ் வரிசையில் நின்றோம்.

தைத்த உடுப்பு நம் மண்ணில் சும்மா கிடைத்துவிடவும் இல்லை. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் தெருவில் அடிபட்டார்கள். அவர்கள் அணிந்திருந்த குப்பாயம் கிழித்தெறியப்பட்டது. 1859இல் மன்னரின் அறிவிப்பு வரும்வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை. அதே தென் திருவிதாங்கூரின் நாகர்கோவில் பகுதியில் 1820களிலேயே லண்டன் மிஷன் பெண்கள் பள்ளியில் ஊசிவேலையும் லேஸ் பின்னலும் கற்பிக்கப்பட்டன. ஊசி பிடிக்கத் தெரிவது அந்தப் பெண்களுக்கு மானமும் வருமானமும் ஆயிற்று. பிறகு சிங்கர் வந்தது, கல்கத்தாவில் செய்த உஷா வந்தது. இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தி, 1924இல் அவற்றைப் பற்றிய பேச்சு வந்தபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார்; அதன் பிறப்பில் ஓர் அன்பு இருக்கிறது என்பது அவர் எண்ணம்.  நாம் அதற்கு ஒரு மூலையும் விரிப்பும் கொடுத்தோம்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தையல் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். ஓட்டுத் தையல், எம்மிங், காஜா, ஹூக் கட்டுவது என்று கைக்குட்டை அகலத் துணியில் செய்து காட்டி, பொம்மைக்குப் போடும் அளவில் ஒரு ஜபலா வெட்டித் தைத்து நோட்டில் ஒட்ட வைப்பார். அந்த வகுப்பில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பொத்தான் அறுந்தால் நீட்டிக்கொண்டு நிற்கும் ஆண்களை இப்படித்தான் உருவாக்கினோம். பின்னர் பெண்களுக்கும் அந்த வகுப்பு கணக்குப் பாடத்துக்குப் போயிற்று, பொதுத்தேர்வு வருகிறது என்று. அங்கேயும் யாரும் கேட்கவில்லை. வடிவியலை, பின்னத்தை, அளவையை விரல்நுனியில் கற்றுத்தந்த ஒரு வகுப்பைக் கணக்குக்காகவே பலிகொடுத்தோம். பெண்கள் பக்கம் என்று பிரித்து நடத்திய நம் பத்திரிகைகளும் ரவிக்கை வெட்டும் படத்துக்குக் கொடுத்த இடத்தை மெல்ல மெல்ல விளம்பரத்துக்குக் கொடுத்தன. எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு.

தையல் என்றால் வேறு வழியில்லாதவர்களின் பிழைப்பு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் அதனால் தலைநிமிர்ந்திருக்கிறார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. நல்ல திட்டங்கள். அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம்தான் தவறு. நன்றாக இருக்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்றோம். அதே வாயால் தெருமுனையில் தைத்துக் கொடுக்கிற பெண்ணிடம், “அக்கா, லைனிங் வைக்கிறதுக்கு இவ்ளோவா, அம்பது ரூபா குறைச்சுக்கங்க” என்று பேரம் பேசினோம். குளிரூட்டிய கடையில் அட்டையில் அச்சிட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். வெட்டவும், நாலு டாட் பிடிக்கவும், கையைக் குழியில் சுருக்கமில்லாமல் ஏற்றவும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரிந்திருந்தால் அந்த ஐம்பது ரூபாயைக் கேட்டிருக்க மாட்டோம்.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, எல்லாரும் தூங்கிய பிறகு மிதித்த மிஷின் அது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு எல்லார் துணியும் தயாராகி, தைத்தவளின் ரவிக்கைக்கு மட்டும் ஹூக் வைக்க நேரமில்லாமல் ஊக்கு குத்திக்கொண்டது எத்தனை வீட்டில் நடந்தது. அந்த உழைப்புக்கு ஒரு பெயரும் கொடுக்கவில்லை, ஒரு பைசா மதிப்பும் போடவில்லை. சுமையைப் பங்கிட்டுக் கொள்ளவேண்டிய இடத்தில் கலையையே தூக்கி எறிந்தோம். அண்ணன் தம்பிகளும் அப்பாக்களும் மிதியில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. சொல்லித்தரக்கூடிய அம்மாக்களும் அத்தைகளும் பெரியம்மாக்களும் இருக்கிறார்கள். விரிப்பை எடுங்கள். ஷட்டிலைக் கழற்றி, அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். புதுப் பெல்ட் ஒன்றும் 14ஆம் நம்பர் ஊசி நாலைந்தும் பெரிய செலவில்லை. பாபின் கேஸை நூலின் நுனியில் தொங்கவிட்டு லேசாக உதறிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் இறுக்கம் சரி, சரசரவென்று இறங்கினால் அந்தச் சின்னத் திருகைக் கால் சுற்று முறுக்குங்கள். முதலில் தலையணை உறை, அடுத்து ஓர் ஆறு பீஸ் உள்பாவாடை. மகனையும் கூட உட்கார வையுங்கள். இந்த ஆடிக்குக் கடைக்குப் போவதற்கு முன்னால் பீரோவில் இருப்பதையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டு, எது எதோடு சேரும் என்று வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் நிறத்தில், அவர் சொல்லும் மீட்டரில் துணி எடுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே வெட்டிப் பழகிவிடுங்கள்.