மண்டைதீவிலிருந்து பார்ன்ஸ்லிக்கு

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள மண்டைதீவில் நாற்பதினாயிரம் பேர் அமரத்தக்க சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்கு 2025 செப்டெம்பர் முதலாந் திகதி ஜனாதிபதி அடிக்கல் நாட்டிய செய்தியை மகிழ்ச்சியோடு வரவேற்றவர்களுள், அந்த நாற்பதினாயிரம் என்னும் தொகை எவ்வளவு பெரியது என்று ஆற அமர எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே என்பது என் அபிப்பிராயம். மண்டைதீவை உள்ளடக்கிய வேலணைப் பிரதேச செயலகப் பிரிவின் குடிசனத்தில் கைக்குழந்தையும் படுக்கையில் கிடக்கும் முதியவரும் உட்பட ஒருவரையும் விடாமல் அழைத்துவந்து அமர்த்தினாலும் அவ்வரங்கின் பாதி நிரம்பாது. இது ஒருபுறமிருக்க, எங்கள் தீவகத்து உதைபந்தாட்டப் பிள்ளைகள் இந்நாட்களில் வேறொரு மைதானத்தைப் பற்றியே பேசுகின்றனர். எவ்வாறேனும் ஒரு முறை அங்கே சென்று ஓர் ஆட்டத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்று ஆசைப்படுகின்றனர். அம்மைதானம் இங்கிலாந்தின் வடபகுதியில், யோர்க்ஷயரின் பழைய நிலக்கரி நகரான பார்ன்ஸ்லியில் உள்ளது. அதன் பெயர் ஓக்வெல்.

மான்செஸ்டர் யுனைட்டெட்டும் லிவர்பூலும் ஆர்சனலும் இருக்க, மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடும் இக்கழகத்தின்மீது இவர்களுக்கு இத்துணை அபிமானம் எவ்வாறு உண்டாயிற்று என்று வினவுவோர்க்கு விடை ஒரே பெயரில் அடங்கிவிடும். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸ் நாட்டில் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஆகஸ்ட் மாதத்தில் பார்ன்ஸ்லி அணியின் சீருடையோடு களத்தில் இறங்கி, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்ற பெருமையைப் பெற்றார். நாவாந்துறை சென்ற் மேரிஸ், பாசையூர் சென்ற் அன்ரனிஸ், இளவாலை யங் ஹென்றிஸ், ஊரெழு றோயல் என்னும் ஊர்க் கழகங்களின் பெயர்களைத் தம் குலப்பெயர்போல் நெஞ்சிற் சுமந்து வளர்ந்த ஒரு சமூகத்துக்கு இச்செய்தி எத்தகைய உவகையை அளித்திருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அக்கழகத்தின் சரித்திரத்தை விரித்துரைக்காமல் இருக்க என்னால் இயலாது. மண்டைதீவில் நடப்பதன் பிழையை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை. 1887ஆம் ஆண்டில், சென்ற் பீற்றர்ஸ் ஆலயத்தின் உதவிக் குருவாயிருந்த திவர்ற்றன் பிறீடி என்பவர், தாம் ஆடிவந்த றக்பி கழகம் பெரிய வெள்ளிக்கிழமையன்று போட்டி வைக்கத் துணிந்ததைப் பொறாது அதனின்று விலகி, தம் பங்கின் இளைஞரைச் சேர்த்து ஓர் உதைபந்தாட்டக் கழகத்தை ஸ்தாபித்தார். அவர்களுக்கு அரங்கமில்லை, ஆசனமில்லை. மதுவடிசாலை நடத்திய ஒரு குடும்பத்தின் வயல் கிடைத்தது, அதில் ஆடினர். அந்த வயலே ஓக்வெல். பதினொரு ஆண்டுகளின் பின், 1898இல், உதைபந்தாட்ட லீக்கில் இடம் பெற்றனர்; 1910இல் எவ். ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டம்வரை சென்று நியூகாசிலிடம் தோற்றனர். 1912இல், ஆறு ஆட்டங்கள் கோலின்றி முடிய, பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடி, ஈற்றில் ஷெபீல்ட் நகரின் பிரமோல் லேன் மைதானத்தில் நடந்த மறு இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்திலே ஹரி ரப்னெல் அடித்த ஒரு கோலினால் அக்கிண்ணத்தை வென்றனர். நிலக்கரிச் சுரங்கத்தினுள் ஆறு நாள் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை பிற்பகலில் மைதானத்துக்கு வந்த தொழிலாளரின் கழகம் அது. சுரங்கங்கள் மூடப்பட்டன, கழகம் மூடப்படவில்லை.

இனி என் கணக்குக்கு வருகிறேன். பார்ன்ஸ்லிக் கழகத்தின் வயது 2025இல் 138 ஆண்டு. மண்டைதீவில் இவ்வரங்கை உள்ளடக்கிய விளையாட்டு நகரத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலம் 138 ஏக்கர். அங்கே 138 ஆண்டு ஆடியபின் ஓக்வெல் மைதானம் கொள்ளத்தக்க தொகை ஏறத்தாழ 23,000 பேர். இங்கே ஒரு பந்தும் வீசப்படுமுன் 40,000 ஆசனம் வேண்டுமென்கிறார்கள். பார்ன்ஸ்லி மாநகரப் பிரதேசத்தின் குடிசனம் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2 லட்சத்து 44 ஆயிரம். அதாவது பத்துப் பேருக்கு ஓர் ஆசனம் என்னும் அளவில் அம்மைதானம் இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டம் முழுவதன் குடிசனமும் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5 லட்சத்து 83 ஆயிரம். பதினைந்து பேருக்கு ஓர் ஆசனம் வருகிறதே, இதில் என்ன பிழை என்று சிலர் சொல்லக்கூடும். பார்ன்ஸ்லியில் அந்த ஒவ்வோர் ஆசனத்தின் பின்னும் தந்தையும் பாட்டனும் பூட்டனும் நின்று கூவிய நான்கு தலைமுறை இருக்கிறது என்பதே என் மறுமொழி. கழகத்தின் அபிமானத்திலிருந்து அரங்கம் முளைத்தது. அரங்கத்திலிருந்து அபிமானம் முளைப்பது அரிது.

நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2011 உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக அம்பாந்தோட்டை சூரியவெவயில் 35,000 பேர் கொள்ளும் அரங்கைக் கட்டினார்கள். அந்த ஆரவாரம் அடங்கியபின் ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடக்கும் அந்த ஆசன வரிசைகளைப் பார்த்த பின்னரும், நன்னீருக்காகக் கிணறு கிணறாய் அலையும் ஒரு தீவில், கண்டல்களும் நீர்ப்பறவைகளும் வாழும் தாழ்நிலத்தை நிரவி, நாள்தோறும் நீர் வேண்டும் புற்றரையை விரிக்கப் புறப்படுவதை விவேகம் என்று எவ்வாறு சொல்வது?

விஜயகாந்த் வியாஸ்காந்த் ஐ. பி. எல். வரை சென்றாரே, துடுப்பாட்டத்துக்கு இங்கு எதிர்காலம் இல்லையா என்பார் உளர். அவர் யாழ். மத்திய கல்லூரி மைதானத்திலிருந்து சென்றார். நாற்பதினாயிரம் ஆசனத்திலிருந்து செல்லவில்லை. பணம் துடுப்பாட்டச் சபையினுடையது, அதை உதைபந்துக்குக் கேட்க முடியாது என்பார் உளர். நிலம் யாருடையது? 1990இல் இத்தீவுகளை விட்டு ஓடி, வன்னியிலும் இந்தியாவிலும் பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறிய ஜனங்களின் ஊர் இது. அதன் எதிர்காலத்தைப் பற்றி அவர்களது சனசமூக நிலையங்களிலே கூடி ஆலோசித்திருக்க வேண்டும். உல்லாசப் பிரயாணிகள் வருவார்கள் என்னும் வாதத்துக்கு நான் மறுமொழி கூறப்போவதில்லை. வருகிறவர்களுக்காகப் பிள்ளைகளை வளர்ப்பதில்லை.

இங்கிருந்து அங்கே செல்வதற்கோ எத்தனை தடைகள்! தீவகத்து இளைஞன் ஒருவன் ஓக்வெல்லில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் முதலில் விசாவுக்கு விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 127 பவுணாயிற்று, அப்போது நம் பணத்தில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ரூபா. மறுத்தாலும் அது திரும்பி வராது. வங்கிக் கணக்கு விபரம், தொழிற் கடிதம், அழைப்பவரின் கடிதம் அனைத்தையும் கட்டி அனுப்பியபின், இவர் நாடு திரும்புவார் என்பதில் திருப்தியில்லை என்று ஓர் உத்தியோகத்தர் எழுதிவிட்டால் அதற்கு மேன்முறையீடு கிடையாது. சொந்தச் சகோதரன் வீட்டு விசேஷத்துக்குச் செல்வோரிடமிருந்தே அவ்வுரிமையை 2013இல் எடுத்துவிட்டார்கள். கடலில் வலை இழுக்கும் தகப்பனின் மகனிடம் ஆறு மாத வங்கிக் கூற்றில் எதைத் தேடுகிறார்கள்? இங்கிலாந்தின் கழகங்கள் நம் ஊர்ச் சிறுவர்க்குச் சீருடை விற்கின்றன, ஒளிபரப்பு விற்கின்றன. வாயிற்கதவை மட்டும் விற்க மறுக்கின்றன.

ஆதலால் இப்பிரயாணத்தைத் தனியொருவன் ஆசையாக விட்டுவிடாமல் வடமாகாண சபையின் விளையாட்டுத் திணைக்களமும் யாழ்ப்பாண உதைபந்தாட்ட லீக்கும் புலம்பெயர்ந்த ஊர் ஒன்றியங்களும் கூடி ஆண்டுதோறும் செய்யும் பணியாகத் திட்டமிட வேண்டும் என்கிறேன். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 சனவரி முதல் ஆகஸ்ட்வரை தடைசெய்து வைத்திருந்த நமது தேசிய சம்மேளனத்தை இதில் எதிர்பார்ப்பது வீண். ஏப்ரல் மாதமே பொருத்தமானது: இங்கே பாடசாலை விடுமுறை, அங்கே குளிர் தணிந்து, லீக்கின் இறுதி ஆட்டங்களில் சூடு பிறக்கும் காலம். கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்கு நேரடி விமானம் உண்டு; சென்ற் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து ஷெபீல்டுக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்; அங்கிருந்து பார்ன்ஸ்லி அரைமணிக்கும் குறைவு. நிலையத்தில் இறங்கினால் ஓக்வெல் நடக்கும் தூரம். ஷெபீல்டில் ஓரிரவு தங்கினால் 1912இன் வெற்றி கிட்டிய பிரமோல் லேன் மைதானத்தையும், 1857இல் தோன்றி உலகின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகமாக விளங்கும் ஷெபீல்ட் கழகத்தையும் காணலாம்.

செல்வோர் வேடிக்கை பார்த்துத் திரும்பலாகாது. புற்றரையை யார் பராமரிக்கிறார், ஒன்பது வயதுப் பிள்ளைகளை எவ்வாறு தேர்கிறார்கள், நுழைவுச்சீட்டுப் பணம் எங்கே போகிறது என்பவற்றைப் பயிற்றுநர் எழுதிக்கொண்டு வரவேண்டும். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி போன்ற பாடசாலைகளில் சாதனை புரிந்துவரும் பெண்பிள்ளைகள் இக்குழுவிற் சரிபாதியாக இருக்க வேண்டும். பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயம் இதற்கெனக் குழு விசா வழங்க ஒப்புக்கொள்ளும்படி நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். அரங்குக்கென ஒதுக்கிய 48 ஏக்கரைச் சமதளமான நான்கைந்து மைதானங்களாக்கிக் கிணற்று நீரின் அளவறிந்து பராமரித்து, ஊர்க் கழகங்களின் கையில் கொடுத்தால், பத்தாண்டுக்குள் மண்டைதீவிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ பிறந்த ஒரு பிள்ளை இங்கிலாந்தின் லீக்கில் ஆடும் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. நாற்பதினாயிரம் ஆசனத்தைக் கட்டினால் அதே பத்தாண்டின் முடிவில் சூரியவெவைக்கு ஒரு தங்கை பிறந்திருப்பாள். அடுத்த ஏப்ரலுக்கு விண்ணப்பம் அனுப்ப இன்னும் காலமிருக்கிறது.