பாஸியில் ஓர் அச்சுக்கூடம்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1776 டிசம்பரில் பிரான்சில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது எழுபது. அப்போதுதான் பிறந்திருந்த அமெரிக்காவுக்குப் பணமும் படையும் கேட்க வந்த தூதர். பாரிசை ஒட்டியிருந்த பாஸி கிராமத்தில், ஷோமோன் என்ற செல்வந்தர் தன் மாளிகையில் தங்க இடம் கொடுத்தார். கொஞ்ச காலத்திலேயே அங்கே ஓர் அச்சுக்கூடத்தை நிறுவிவிட்டார் பிராங்க்ளின். கூடவே எழுத்து வார்க்கும் பட்டறையும்.

இளமையில் அச்சுத்தொழிலில் சம்பாதித்தவர், வயதான காலத்தில் கை சும்மா இருக்காமல் செய்த பொழுதுபோக்கு என்றே இதை நெடுநாள் பேசிவந்தார்கள். அப்படிப் பேச வைத்தவை அவருடைய வேடிக்கைக் குறுங்கட்டுரைகள். தன்னை வாட்டிய கீல்வாதத்தோடு நடத்திய உரையாடல், பக்கத்து வீட்டு மதாம் பிரியோனுக்கு எழுதிய விசில் கதை என்று, நண்பர்கள் சிரிக்க ஒரு சில பிரதிகள் மட்டும் அடித்துக் கொடுத்தார். படிக்கச் சுவையானவைதான். ஆனால் அவற்றை வைத்து அந்த அச்சுக்கூடத்தை எடைபோட்டது தவறு என்று காட்டியவர்கள் இலக்கியக்காரர்கள் அல்லர், நூலடைவாளர்கள். எழுதியதைவிட எழுத்தையும் தாளையும் உற்றுப் பார்ப்பவர்கள்.

முதலில் லூதர் லிவிங்ஸ்டன். பாஸியில் அச்சான நூல்கள், துண்டறிக்கைகள், தாள்கள் எல்லாவற்றையும் விவரித்து அவர் எழுதிய புத்தகத்தை 1914இல் நியூயார்க்கின் குரோலியர் கிளப் வெளியிட்டது. அதே ஆண்டு அவர் இறந்துபோனார். இந்த வேலையின் சங்கடம் என்னவென்றால், பாஸித் தாள்கள் பலவற்றில் அச்சிட்டவர் பெயரோ ஊரோ தேதியோ கிடையாது. எழுத்தின் வெட்டும் தாளின் நீர்க்குறியும்தான் சாட்சி.

1925இல் ராண்டால்ஃப் ஆடம்ஸ் எடுத்துக்கொண்டதோ இன்னும் வறண்ட பொருள்: பிராங்க்ளின் அச்சிட்ட பாஸ்போர்ட்டுகள். வெறும் படிவம். பெயருக்கு ஒரு வெற்றிடம், கீழே கையெழுத்து. இதில் ஆராய என்ன இருக்கிறது? இரண்டு படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசகம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றில் வரி முடியும் இடத்தில் மற்றொன்றில் முடியாது. கையிருப்பு தீர்ந்து, எழுத்துகளைப் பிரித்துப் போட்டபின் மறுபடி கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கையெழுத்துப் போலச் சாய்ந்தோடும் ஓர் எழுத்தை, 1780ஐ ஒட்டி பாரிசின் ஃபூர்னியே பட்டறை பிராங்க்ளினுக்காக வார்த்துக் கொடுத்தது. அந்த எழுத்து தெரிந்தால் தாளின் காலத்துக்கு ஒரு கீழ் எல்லை கிடைத்துவிடும். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

வெட்டிவேலை என்று தோன்றும் இந்த வேலையின் பயன் 1782இல் வந்த ஒரு தாளில் தெரியும். பாஸ்டன் பத்திரிகை ஒன்றின் இணைப்பிதழ் போல, எண் 705, மார்ச் 12 என்று போட்டு பிராங்க்ளின் ஒரு போலியை அடித்தார். அமெரிக்கக் குடியேறிகளின் மண்டைத் தோலைப் பழங்குடிகள் உரித்துக் கட்டுக் கட்டாக இங்கிலாந்து மன்னருக்கு அனுப்புகிறார்கள் என்று அதில் ஒரு கடிதம். சமாதானப் பேச்சு தொடங்கும் நேரம். ஆங்கிலேயர் வெட்கி, நட்ட ஈட்டுக்கு இறங்கிவர வேண்டும் என்பது நோக்கம். அதை அவர் ஒருமுறை அச்சிட்டதோடு விடவில்லை. அடுத்த அச்சில் விளம்பரங்களையும் சேர்த்தார்: நிலம் விற்பனைக்கு, தோல் பதனிடும் இடம் விற்பனைக்கு, சேலம் ஊரில் குதிரை காணவில்லை. பொய்ச் செய்தியை நம்ப வைக்கக் காணாமல்போன குதிரை போதும் என்று கண்டுகொண்ட மூளையை என்ன சொல்வது! அடுத்த நூற்றாண்டிலும் அமெரிக்கப் பத்திரிகைகள் அந்தக் கடிதத்தை நிஜமென்றே எடுத்துப் போட்டன. பாஸ்டன் என்று தலைப்பில் இருந்தாலும், எழுத்து பாஸியின் எழுத்துதான். இதில் பிராங்க்ளின்மேல் எனக்குக் கோபமும் உண்டு. அந்தப் பொய்யில் கொடியவர்களாக நின்றது பழங்குடிகள். பழி அவர்கள் தலையில் நீண்ட காலம் தங்கியது.

பாஸ்போர்ட், போலிப் பத்திரிகை, இவற்றோடு பிரெஞ்சு மன்னரிடம் வாங்கிய கடனுக்கான சீட்டுகளும் அங்கே அச்சாயின. கள்ள அச்சைத் தடுக்க, ஓரத்தில் வண்ணக் கோலமிட்ட மார்பிள் தாளில். வெளி அச்சகத்துக்குக் கொடுத்தால் விஷயம் வெளியே போகும். ஒற்றர்கள் சூழ்ந்த ஊர் அது. ஆக, அது கிழவரின் பொழுதுபோக்கு அறை அல்ல, தூதரகத்தின் வேலைக்கூடம். இலக்கிய ரசிகர்களை மட்டும் நம்பியிருந்தால் நமக்குக் கீல்வாத உரையாடல் மிஞ்சியிருக்கும், படிவங்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

பிராங்க்ளின் தாள்களை யேல் பல்கலைக்கழகம் 1954 முதல் தொகுத்துவருகிறது. இணையத்திலும் இலவசமாகப் படிக்கலாம். 1782 ஏப்ரல் மாதத்துக்குப் போய் அந்தப் போலி இதழைத் தேடுங்கள். கடிதத்தோடு நிறுத்திவிடாமல் விளம்பரங்களையும் படித்துப் பாருங்கள்.