தகட்டில் 240, கடலில் எவ்வளவு?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள், 2020-ன்படி விசைப்படகின் நீளம் 24 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. நீளத்தை இரண்டு பேர் டேப் பிடித்து ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். குதிரைத்திறனை அப்படி அளக்க முடியாது. இன்ஜினின் பக்கவாட்டில் பதித்திருக்கும் தகட்டையும் வாங்கியபோது கொடுத்த ரசீதையும் பார்த்து எழுதிக்கொள்வதுதான் எளிய வழி. கடலூரிலிருந்து காசிமேடு வரை ‘சீன இன்ஜின்’ (அதிக திறன் கொண்டது என்று சொல்லி மற்ற மீனவர்கள் தடை கேட்கும் இன்ஜின்) என்ற இரண்டு சொல்லைச் சுற்றி மீனவர்களுக்குள்ளேயே மூண்ட சண்டைகளில் பாதி, இந்த அளக்க முடியாத எண்ணால் வந்தவை என்பது என் கணிப்பு. எதிரே போகும் படகு தன் வலைக்கு முன்னால் பாய்ந்து மீனை அள்ளுவதைப் பார்ப்பவருக்கு அதன் தகட்டில் 240 என்று எழுதியிருப்பதில் என்ன ஆறுதல்? இன்ஜினின் உண்மையான திறனைக் கணினியில் மாதிரியாக ஓட்டிக் கணக்கிடும் மென்பொருள்கள் பல பத்தாண்டுகளாக உலகில் இருக்கின்றன. மீன்வளத் துறை தகட்டை நம்புவதை விட்டு அந்தக் கணக்குக்கு வர வேண்டும்.

தகடு பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த இன்ஜின் தொழிற்சாலையில் எந்த அளவுக்கு ‘செட்’ செய்யப்பட்டது என்பதைத்தான் தகடு சொல்லும். அது எவ்வளவுக்குத் தாங்கும் என்பதைச் சொல்லாது. ஓர் உதாரணம் பார்க்கலாம். ஆறு சிலிண்டர், மொத்தக் கொள்ளளவு 12 லிட்டர், டர்போவும் இன்டர்கூலரும் உள்ள டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 1,800 சுற்று. இது 240 குதிரைத்திறன், அதாவது சுமார் 176 கிலோவாட் தர வேண்டுமானால் சிலிண்டருக்குள் வேலை செய்யும் சராசரி அழுத்தம் 10 பாருக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். இந்த வகை டர்போ இன்ஜின்கள் 16, 17 பார் வரை சர்வசாதாரணமாகப் போகக்கூடியவை. அந்த அழுத்தத்தில் அதே இரும்பு 400 குதிரைத்திறனை எட்டும். நடுவில் நிற்பது டீசல் பம்ப் ஒன்றுதான். 240 குதிரைத்திறனில் ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 114 மில்லிகிராம் டீசல் பீய்ச்சப்படுகிறது. பம்பில் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவின் முத்திரையை உடைத்து அதை 180 மில்லிகிராமுக்கு ஏற்றினால், டர்போ போதிய காற்றைத் தரும்வரை, இன்ஜின் 380 குதிரைத்திறனை நெருங்கும். எலக்ட்ரானிக் இன்ஜினில் ஸ்க்ரூவும் வேண்டாம். லேப்டாப் ஒன்று போதும். தகடு மட்டும் அப்படியே இருக்கும்.

இதைத்தான் மாதிரி மென்பொருள் பிடித்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல் நிறுவனத்தின் பூஸ்ட், பிரிட்டனின் ரிக்கார்டோ உருவாக்கிய வேவ், அமெரிக்காவின் காமா டெக்னாலஜீஸ் தரும் ஜிடி-பவர் என்று வாகன உலகம் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகள் இவை. பந்தயப் படகுகளின் இன்ஜினைத் திருத்துகிறவர்கள் இவற்றைவிட மலிவான மென்பொருள்களில் கேம்ஷாஃப்டையும் புகைக்குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பட்டறையில் கை வைப்பதற்கு முன்பே எத்தனை குதிரை கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். காற்றுக் குழாய்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, கிராங்க்ஷாஃப்ட் திரும்பும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு என்று கணினி கணக்கிடும். உள்ளே போன காற்று எவ்வளவு, எரிந்த டீசல் எவ்வளவு, உராய்வில் போனது எவ்வளவு என்று கழித்து மிச்சத்தைச் சொல்லும். பட்டறைக்காரர் அதிக திறனைத் தேடுவதற்குக் கண்டுபிடித்த வழியை, ஆய்வாளர் மறைத்த திறனைத் தேடுவதற்கும் பயன்படுத்தலாம். அவருக்கு வேண்டிய விவரம் அதிகமில்லை: சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் நகரும் தூரம், டர்போவின் மாடல் எண், பம்பின் வகை, உச்ச சுற்று வேகம்.

கணினி சொல்வதும் ஊகம்தானே என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான். எரிதல் எவ்வளவு வேகமாக நடக்கிறது, உராய்வு எவ்வளவு என்பவற்றுக்கு மென்பொருள் அனுபவச் சூத்திரங்களையே நம்பியிருக்கிறது. சோதனைக்கூடத்தில் அளந்த விவரத்தோடு பொருத்திப் பார்க்காத மாதிரி, பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ தவறலாம். ஆகவே கணினி 250 என்று காட்டியதற்காக ஒருவருடைய படகைப் பிடித்து வைப்பது அநியாயம். ஆனால் 240-க்கும் 380-க்கும் உள்ள இடைவெளி பத்து சதவீதத்தில் மறைகிற இடைவெளி அல்ல. தவிர, கணக்கைச் சரிபார்க்க டீசல் இருக்கிறது. நல்ல டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தர ஏறத்தாழ 210 கிராம் எரிக்கும்; இதில் எந்தக் கம்பெனியும் பெரிய மாயம் செய்துவிட முடியாது. 240 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 44 லிட்டர் குடிக்கும். 70 லிட்டர் குடித்தால் அது 240 அல்ல. புரொப்பல்லரும் சாட்சி சொல்லும்: சுற்று வேகம் பத்து சதவீதம் கூடினால் அது இழுக்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்பதால், இன்ஜினை ஏற்றியவர் புரொப்பல்லரின் விட்டத்தையோ சாய்வையோ மாற்றாமல் பயனடைய முடியாது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. சூளையின் மீட்டர் காட்டும் வெப்பத்தை மட்டும் நம்பாமல், குறிப்பிட்ட சூட்டில் வளைகிற கூம்பு ஒன்றையும் உள்ளே வைத்துப் பார்ப்பது பீங்கான் சுடுவதில் பழைய வழக்கம். கணக்கு, டீசல், புரொப்பல்லர் மூன்றும் ஒரே திசையில் கை காட்டும்போது மட்டும் ஷாஃப்டில் முறுக்குவிசைமானி ஒட்டி நேரடியாக அளந்தால் போதும். எல்லாப் படகுகளையும் அப்படி அளக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. யாரை அளப்பது என்று சொல்லவே மாதிரி வேண்டும்.

உண்மையிலேயே திறனைக் குறைத்து ஓட்டுகிறவரும் மாட்டிக்கொள்ள மாட்டாரா? பெரிய இன்ஜினைச் சிறிதாகச் செட் செய்து ஓட்டினால் அது நீடித்து உழைக்கும். அப்படி வாங்கும் நியாயமான உரிமையாளர்கள் உண்டு. அவர்களைக் காப்பாற்றப்போவதும் இந்த முறைதான். பிராண்டின் பெயரை வைத்துத் தடை கேட்கும்போது, எந்த நாட்டு இன்ஜின் என்பதே குற்றமாகிவிடுகிறது. எரிபொருள் கணக்கு 44 லிட்டரைச் சுற்றி நின்று, பம்பின் முத்திரையும் உடையாமல் இருந்தால், அந்த இன்ஜின் சீனாவில் செய்ததா சென்னையில் செய்ததா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஆணையத்துக்காக நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், நேரில் சோதித்த மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய பாதியில், சான்றிதழில் உள்ளதைவிட அதிக திறனோடு ஓடுவதற்கான அறிகுறிகள் தெரிந்தன. சான்றிதழ் முறை நம்மைவிடக் கறாராக உள்ள இடத்திலேயே அந்த நிலை. 2023-ல் திருத்திய விதிமுறையில், குறிப்பிட்ட வகைப் பெரிய கலங்களில் இன்ஜின் திறனைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். நம் துறைமுகங்களுக்கு உடனே அது தேவையில்லை, செலவு கட்டாது.

மீனவர் தரப்பின் வலுவான வாதம் வேறு. கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது, ஆழ்கடலுக்குப் போ என்று அரசே சொல்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் சீக்கிரம் திரும்ப வலுவான இன்ஜின் வேண்டாமா என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது 240 என்ற வரம்பு சரியா என்ற கேள்வி. இருக்கும் வரம்பை அளப்பதா வேண்டாமா என்ற கேள்வி அல்ல. வரம்பை உயர்த்தக் கேட்பவருக்கும் கணக்கு தேவை. ஆழ்கடல் செல்லும் 24 மீட்டர் படகுக்கு உண்மையில் எத்தனை குதிரை வேண்டும் என்பதை, இப்போது ஓடும் படகுகளின் மெய்யான திறன் தெரியாமல் எப்படி வாதாடுவது? கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் பிழைக்கும் நாட்டுப்படகுக்காரரின் பயம், வேகப்படகுகள் ஆழ்கடலுக்குப் போவதைப் பற்றியதல்ல. இரவில் இந்தப் பக்கம் வந்துவிட்டு, பிடிபடுவதற்குள் ஓடிவிடுவதைப் பற்றியது.

கடல் பக்கமே போகாத வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசலை 19,000 லிட்டராக உயர்த்துவதாக 2023-ல் அரசு அறிவித்தது. 44 லிட்டர் குடிக்கும் இன்ஜின் அதில் முழு வேகத்தில் 430 மணி நேரம் ஓடும். 70 லிட்டர் குடிக்கும் இன்ஜின் 270 மணி நேரத்தில் தீர்த்துவிடும். விட்டுக்கொடுத்த வரி எந்த இன்ஜினுக்குப் போகிறது என்று கேட்க, வரி கட்டும் எவருக்கும் உரிமை இருக்கிறது.

இந்த மாதிரிக் கணக்கைப் போட ஆள் எங்கே என்றால், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சென்னையில் ஐஐடியின் கடல் பொறியியல் துறை இருக்கிறது. புழக்கத்தில் உள்ள இன்ஜின் வகைகள் எண்ணக்கூடியவைதான். வகைக்கு ஒன்றை எடுத்துச் சோதனை மேடையில் ஒருமுறை ஓட்டி மாதிரியைப் பொருத்திவிட்டால், பிறகு ஒவ்வொரு படகுக்கும் எண்களை மாற்றிப் போடுவது சில நிமிட வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தான் நிற்கின்றன. பழுது பார்க்கப் பலவற்றை மேலே ஏற்றியிருப்பார்கள். புரொப்பல்லர் வெளியே தெரியும். அந்த நாட்களில் பரிசோதனைக்கு வரும் அலுவலரின் படிவத்தில் இன்ஜின் தகட்டு எண்ணோடு டர்போ மாடல், பம்ப் முத்திரை, புரொப்பல்லர் விட்டம், சாய்வு என்று நான்கு கட்டங்களைக் கூட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது.