எண்ணூரின் கெட்ட கனவும் யூசுஃப் நபியின் விளக்கமும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியிருந்தது.

இந்த நிலை வரும் என்று யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' எண்ணூர் கழிமுகத்தில் படமாக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் வசைச்சொல்லாகிப் போனதை அது கேட்டது. எண்ணூருக்கு நேர்ந்தது நாளை நகரத்துக்கும் நேரும் என்றது. அம்மாத இறுதியிலேயே காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள்.

கலைஞர்கள் பாட்டில் சொல்வதை விஞ்ஞானிகள் கணினியில் செய்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென உருவாக்கப்பட்ட 'சி-ஃப்ளோஸ்', எவ்வளவு மழைக்கு எந்தப் பகுதி மூழ்கும் என்று முன்கூட்டியே கணிக்கிறது.

"நடக்காததை ஏன் பேச வேண்டும்? அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார்கள் நம்மில் சிலர். அவர்கள் சூரா யூசுஃபை மீண்டும் ஓதட்டும். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்பதாக மன்னர் கனவு கண்டார். குழப்பமான கனவு என்று பிரதானிகள் தள்ளிவிட்டார்கள். சிறையிலிருந்த நபி யூசுஃப் (அலை) தள்ளவில்லை. பஞ்சம் வரும் என்று சொல்லி, பயமுறுத்துவதோடு நிறுத்தவும் இல்லை. ஏழாண்டு விதையுங்கள், உண்பதற்குச் சிறிது போக மற்றதைக் கதிரிலேயே விட்டு வையுங்கள் என்றார். கெட்ட கனவு அங்கே களஞ்சியமாக மாறியது. தவக்குல் என்பதும் அதுதான்.

எண்ணூரில் இன்னும் குறைவது கனவு அல்ல, களஞ்சியம். பாட்டைப் பகிர்ந்தோம், வரைபடத்தையும் பார்த்தோம். ஆனால் அந்த நள்ளிரவில் எந்தத் திசையில் ஓடுவது என்று தெருவுக்குத் தெரியவில்லை.

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள ஜமாஅத்துகள் இதை எடுத்துச் செய்யலாம். ஜனாஸா அறிவிக்கும் ஒலிபெருக்கி, வாயுக்கசிவையும் அறிவிக்கட்டும். ஈரத்துணியால் மூக்கை மூடவும், காற்று வீசும் போக்கிலேயே ஓடாமல் குறுக்காக விலகவும் ஜும்ஆவுக்குப் பின் பயிற்சி தரலாம். தனியே இருக்கும் முதியவர், நோயாளி, கைக்குழந்தை உள்ள வீடுகளின் பட்டியலைச் சமயம் பாராமல் தயாரிக்கலாம். குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தோடும் தேவாலயத்தோடும் கோயில் நிர்வாகத்தோடும் அமர்ந்து பேசினால் ஒரு மாத வேலை.

ஆபத்தை உண்டாக்கும் ஆலைகளிடம் கணக்குக் கேட்பதை இது நிறுத்திவிடாது, நிறுத்தவும் கூடாது. கேட்பதற்கு நாம் உயிரோடு இருக்க வேண்டுமே!